பிள்ளைகள் கைப்பட ஒரு தீபாவளிப் பொட்டலம்

திருநாள் என்பது உண்டு உடுத்தி மகிழ்வதற்காக மட்டும் வருவதன்று. பிறருக்குக் கொடுத்து மகிழ்வதற்காகவும் வருவது. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் லயங்களில் வாழ்ந்த காலத்தில், தீபாவளிக் காலையில் பலகாரத் தட்டைத் துணியால் மூடி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் சிறு பிள்ளைகளே. கொடுக்கும் பண்பை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை. தட்டைச் சுமந்தே கற்றனர்.

1877-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அம்மரத்தை நம்பிப் பின்னாளில் வளர்ந்த தோட்ட வாழ்க்கை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின; மக்கள் ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தனர். துணி மூடிய தட்டின் இடத்தைக் கடைப் பெட்டியும் மினுமினுக்கும் தாளும் பிடித்துக்கொண்டன. பிள்ளைகளுக்கோ வாங்கிக்கொள்வது ஒன்றே வேலையாயிற்று. அன்பளிப்பைச் சுற்றும் தாளையாவது அவர்கள் கையால் செய்யவைத்தால், இழந்த பழக்கத்தில் ஒரு பங்கை மீட்கலாம் அன்றோ?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைப் பெரியவர்கள் குறுக்கே நறுக்கிக் கொடுத்தால், அதுவே பூப்போன்ற அச்சாகும். பாதி உருளைக்கிழங்கில் மாங்காய் வடிவம் செதுக்கலாம். நான்கு வயதுக் குழந்தையும் சாயத்தில் தோய்த்து வெள்ளைத் தாளில் ஒற்றி மகிழும்.

சாயமும் சமையலறையிலேயே உண்டு. மஞ்சள்தூளைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தால் மஞ்சள் நிறம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் செந்நிறமாவதை ஆரத்தித் தட்டில் நாம் அறிவோம். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தோடு சேரும்போது சிவக்கிறது. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். ஆதலின் அதைப் பெரியவர்களே கலக்க வேண்டும். அந்தச் சிவப்பைத் தாளில் ஒற்றுவதும் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. மஞ்சள் வெயிலில் வெளுக்கும் இயல்புடையது. எனவே தாளை நிழலில் உலர்த்துக.

அலங்காரத்திற்கு நம் தோட்டத்து இலையே போதும். வில்வத்தைப் போலவே ரப்பர் இலையும் ஒரே காம்பில் மூன்று இதழ்களாக அமைந்தது. முதிர்ந்த இலைகளை மூன்று நான்கு வாரங்கள் நீரில் ஊறவைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் சதை நீங்கி நரம்பு வலை மட்டும் எஞ்சும். இவ்விலை நரம்புகளைக் கொண்டு பூக்கள் செய்யும் கைத்தொழில் நம் நாட்டில் உண்டு. ஊறவைக்கும் பாத்திரத்தை இறுக மூடுதல் வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

ஈப்போவின் புந்தோங், கச்சாங் பூத்தே வணிகத்திற்குப் பெயர் பெற்ற இடம். முன்னாளில் கச்சாங் பூத்தேயைப் பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் இட்டுக் கொடுப்பார்கள். அக்கூம்பைச் சுருட்டி அடிமுனையை மடித்துவிட ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எளிதில் கற்றுத் தரலாம். ஆயினும் செய்தித்தாளில் உணவை நேரே வைத்தல் ஆகாது. அச்சு மை உணவில் கலந்து தீங்கு செய்யும் என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. நம் சாயத்தாளும் வெளிச்சுற்றுக்கே உரியது. முறுக்கையும் அதிரசத்தையும் முதலில் வாட்டிய வாழையிலையிலோ எண்ணெய்த் தாளிலோ பொதிந்து, அதன்மேல் பிள்ளைகளின் தாளைச் சுற்றி வாழைநாரால் கட்டுக. பழைய சேலைத் துண்டில் முடிந்து கொடுப்பதும் நன்றே. ஞெகிழிப் பையை விலக்கித் துணிப்பைக்குத் திரும்ப வேண்டித் தமிழ்நாட்டு அரசும் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது.

பக்த அன்பர்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். சுற்றும் தாள் கிழிபடும், குப்பையில் சேரும், காலில் மிதிபடவும் கூடும். ஆகவே தெய்வத் திருவுருவங்களையும் ஓங்காரத்தையும் அதில் வரையவிடாதீர்கள். குத்துவிளக்கு, மயில், மாங்காய், கோலம் ஆகியவை போதும். ஏன் கூடாது என்று பிள்ளை கேட்டால், காரணத்தைச் சொல்லுங்கள். இறைவடிவை எவ்விடத்தில் வைப்பது என்னும் பாடம் அதிலேயே அமைந்துவிடும்.

கோடு கோணலாகலாம், சாயம் வழியலாம். அதைத் திருத்தாமல் விடுவதே நலம். பெரியவர்கள் திருத்திய தாள் பெரியவர்களின் தாளாகிவிடும். பொட்டலம் முடிந்ததும் அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, அண்டை வீட்டு மலாய்க்காரர், சீனர் இல்லங்களுக்கும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ‘இது நான் செய்தது’ என்று சொல்லிப் பிள்ளையே கொடுக்கட்டும். லயங்கள் மறைந்தாலும், அங்கே நம் முன்னோர் பழகிய ஈகை நம் பிள்ளைகளின் கைகளில் தொடர வேண்டும். இவ்வாண்டுத் தீபாவளிக்கு இல்லந்தோறும் இதனைச் செய்து பாருங்கள்.