பம்பரமும் பால்ரஸும்: கையால செஞ்ச துப்பாக்கிகளின் கதை

சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போனா, வழியில பொன்னேரி வரும். அங்க இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. நாம எல்லாம் அங்க போறது பூநாரை பார்க்க, இறால் சாப்பிட. ஆனா 1613-ல டச்சுக்காரங்க அங்க கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. அந்த நூற்றாண்டுல பழவேற்காட்டுல ஒரு வெடிமருந்து ஆலையும் ஓடுச்சு. அந்த மருந்து கப்பலேறி பட்டாவியா வரைக்கும், அதாவது இன்னைக்கு ஜகார்த்தா இருக்கிற இடம் வரைக்கும், போச்சு.

சரி, மருந்து நம்ம ஊர்ல இருந்துச்சு. துப்பாக்கி? இன்னைக்கு எபிசோட் அதுதான். தொழிற்சாலை இல்லாம, ஒரு பட்டறையில, கையால உருவாகிற நீளத் துப்பாக்கி.

இந்த வேலையில உலகத்துல ரொம்பப் பேர் வாங்கினது அமெரிக்காவோட அப்பலேச்சியன் மலைப்பகுதி. 1700-கள்ல பென்சில்வேனியாவுல, முக்கியமா லங்காஸ்டர் பக்கம், ஜெர்மன், சுவிஸ் கைவினைஞர்கள் குடியேறினாங்க. அவங்க கூடவே கொண்டுவந்தது குட்டையான, பெரிய குண்டு போடுற வேட்டைத் துப்பாக்கி. காட்டுக்குள்ள மாசக்கணக்கா அலையறவனுக்கு அது சரிப்படலை, ஏன்னா ஈயமும் மருந்தும் அவனே சுமக்கணும். அதனால குண்டு சிறுசாச்சு, குழல் நீண்டு நாலடியைத் தொட்டுச்சு. பின்னாடி ‘கென்டக்கி ரைஃபிள்’னு பேர் எடுத்தது இதுதான்.

குழல் எப்படி வந்துச்சு தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல உருளை ஆலைகளும் லேத் பட்டறைகளும் பார்த்த கண்ணுக்கு இது விளையாட்டா தெரியும். அன்னைக்கு ரெடிமேடா பைப்பே கிடையாது. ஒரு தட்டை இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுத்தி மடக்கி, ஓரத்தோட ஓரம் ஒட்டற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கணும். துருத்தி ஊத ஒருத்தர், சம்மட்டிக்கு ஒருத்தர். ஒட்டு ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா, சுடும்போது குழல் முகத்துக்கிட்டயே வெடிக்கும்.

அதுக்கு அப்புறம்தான் நிஜமான வித்தை. குழலோட உட்சுவர்ல சுருள் சுருளா பள்ளம் வெட்டணும். ‘ரைஃபிள்’ங்கிற பேரே அந்தப் பள்ளத்துல இருந்து வந்ததுதான். (நம்ம சினிமாவுல நீளமா எது இருந்தாலும் ரைஃபிள்னு சொல்லிடுவாங்க, அது வேற விஷயம்.) ஒரு மர உருளையில பெரிய சுருளைச் செதுக்கி வெச்சு, அதை வழிகாட்டியா வெச்சு, சின்னப் பல் பதிச்ச கம்பியைக் குழலுக்குள்ள இழுப்பாங்க. ஒரு இழுப்புக்கு முடி அளவு இரும்புதான் வரும். அப்படி ஏழு எட்டுப் பள்ளம்.

எதுக்கு இவ்வளவு பாடு? பம்பரம் நினைச்சுக்கோங்க. சுத்தினா நிக்கும், சுத்தலைன்னா சாயும். பள்ளத்துல பிடிச்சுச் சுழன்று வெளிய வர்ற குண்டும் அப்படித்தான், நேரா போகும். தூரத்துல நிக்கிற ஒரே ஒரு மானை ஒரே குண்டுல அடிக்கணும்னா அந்தச் சுழற்சி வேணும்.

இப்போ நம்ம பக்கம் வாங்க. நாட்டுத் துப்பாக்கின்னதும் தமிழ்நாட்டுல பல பேருக்கு ஞாபகம் வர்றது நரிக்குறவர் தோள்ல தொங்கின ஒற்றைக் குழல். மருந்து, அடைப்பு, ரவை, எல்லாமே வாய் வழியா இடிச்சு நிரப்பணும். பின்னாடி ஒரு கேப்பு, தீபாவளிக்குப் பசங்க வெடிக்கிற பொட்டு வெடியோட பெரியண்ணன் மாதிரி. ரவை இல்லைன்னா சைக்கிள் கடை பால்ரஸ். குழலுக்குள்ள சுருள் கிடையாது, வழவழன்னு இருக்கும்.

இதைப் பார்த்து ‘அவங்களுக்கு அந்த அளவுக்கு வித்தை தெரியலை’ன்னு நினைச்சா தப்பு. அந்த மக்களோட இன்னொரு பேர் குருவிக்காரர். அவங்க குறி கொக்கு, காடை, கவுதாரி. பறந்து போற குருவிக்கு ஒத்தைக் குண்டு எதுக்கு? ரவை விரிஞ்சு பரவணும். சுருள் இருந்தா அந்தப் பரவல் கெட்டுப்போகும். மானுக்குச் சுருள், குருவிக்கு வழவழப்பு. வேட்டைதான் குழலைத் தீர்மானிச்சிருக்கு.

ரெண்டு துப்பாக்கியும் பிரியற இடம் சட்டம். அமெரிக்காவுல 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாய் வழியா நிரப்புற பழைய மாதிரித் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் கணக்குலயே சேர்க்கலை. அதே பத்தாண்டோட கடைசியில வாலஸ் கஸ்லர்ங்கிற கைவினைஞர், வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்துல, பழைய முறையிலேயே ஒரு ரைஃபிளை முழுசா செஞ்சு காட்டினார். அதைப் படமா எடுத்தாங்க. செத்துப்போச்சுன்னு நினைச்ச தொழில் உயிர் பிழைச்சது.

இங்க? 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம துப்பாக்கி செய்யறது குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலயும் அதோட திருத்தங்களாலயும் போகப் போக வேட்டையும் போச்சு. ஆனா மேற்கே குடகுல, கொடவர்களும் ஜம்மா நிலம் வெச்சிருக்கிறவங்களும் துப்பாக்கி வெச்சுக்க உரிமமே வேண்டாம். பிரிட்டிஷ் காலத்துல வந்த அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. அங்க அது பரம்பரைச் சொத்து. ஆயுத பூஜை மாதிரி கைல்பொளுதுல அதுக்குப் பூ வெச்சுக் கும்பிடுறாங்க.

எல்லார் கையிலயும் துப்பாக்கி கொடுக்கணும்னு நான் சொல்ல வரலை. நாட்டுத் துப்பாக்கி தவறி வெடிச்சு ஆள் செத்த செய்தியை நாம படிச்சுக்கிட்டேதான் இருக்கோம். கொக்கும் காடையும் பிழைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு உறுத்துறது வேற. எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கு. குருவிக்காரரோட குழல் பெரும்பாலும் போலீஸ் பிரஸ் மீட்ல, மேசை மேல வரிசையா அடுக்கின ஃபோட்டோவாத்தான் நம்ம கண்ணுல படுது. அதைச் செஞ்ச கை யாரோடது, இரும்பு எங்க கிடைச்சது, கட்டைக்கு என்ன மரம் எடுத்தாங்கன்னு அந்தச் செய்தியில ஒரு வரி இருக்காது.

நரிக்குறவர், குருவிக்காரர் ரெண்டு பேரையும் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கிற சட்டம் 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல நிறைவேறி, 2023 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. துப்பாக்கி தூக்கின கடைசித் தலைமுறைக்கு இப்போ வயசாயிடுச்சு. பஸ் ஸ்டாண்டுல பாசிமணி விக்கிற தாத்தா யாராவது பேசக் கிடைச்சா, மணி வாங்கிட்டு, அந்தக் காலத்து வேட்டையைப் பத்தியும் கேட்டுப் பாருங்க.