வேலை வேண்டி ஒரு விண்ணப்பம்

மக்ரிப் தொழுகை முடிந்து, ஓத வந்த சிறுவர்களும் வீடு திரும்பிய பின், பள்ளிவாசல் திண்ணையில் ஓர் இளைஞர் என்னருகே வந்து அமர்ந்தார். சிறு வயதில் நம் மக்தபில் ஓதியவர். விருத்தாசலத்திலேயே செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு முடித்து, தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஒன்றரை ஆண்டுகள் வேலை பார்த்தவர். பட்டறை மூடப்பட்டுவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை; அதற்குள் நான்கு பக்கத்தில் ஒரு பயோடேட்டா.

"நாற்பது இடத்துக்கு மேல் அனுப்பிவிட்டேன், ஹஜ்ரத். ஒருவரும் பதில் போடவில்லை. நீங்கள் பி.ஏ. படித்தவர், இதில் என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்கள். அத்தா இனிமேல் கடைக்கு வரச் சொல்கிறார்கள்" என்றார்.

வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தின் தலைப்பில், சவால் நிறைந்த சூழலில் தம் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புவதாக ஆங்கிலத்தில் மூன்று வரிகள். பொருள் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் வேறொருவருடைய குறிப்பில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுத்தாராம். இரண்டாம் பக்கத்தில் தந்தையின் தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, உயரம், நிறம், மதம். மூன்றாம் பக்கத்தில் பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்த்தல். நான்காம் பக்கம், மேற்கண்டவை யாவும் உண்மை என்னும் உறுதிமொழிக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் செய்த வேலையைப் பற்றி ஒரே வரி: இன்ன பட்டறையில் இத்தனை மாதம்.

நிறத்தையும் உயரத்தையும் கேட்பது சம்பந்தம் பேச வருகிறவர்கள். நம் வீடுகளில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எழுதும் குறிப்பும் பயோடேட்டா, வேலைக்கு எழுதுவதும் பயோடேட்டா என்று ஒரே பெயரில் வழங்குவதால் வந்த குழப்பம் இது. வேலை கொடுப்பவர் அறிய விரும்புவது வேறு. இந்தப் பிள்ளையை அமர்த்தினால் என் வேலை நடக்குமா, இவரை நம்பலாமா? இந்த இரண்டுதான்.

இதை நான் எந்த மேலாண்மை நூலிலும் படிக்கவில்லை, இறைமறையில் படித்தேன். சூரா யூசுபின் 55ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். எகிப்தின் அரசர் தம்மை நம்பிக்கைக்குரியவராக ஏற்ற நிலையில், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு யூசுப் (அலை) அவர்கள் கேட்கிறார்கள். கேட்கும்போது கூறிய தகுதிகள் இரண்டே: காப்பவர், அறிந்தவர். அவர்களுடைய தந்தை நபி, பாட்டனார் நபி, முப்பாட்டனார் இப்ராஹீம் (அலை). அந்த வமிசப் பெருமையில் ஒரு சொல்லும் அங்கே இல்லை. தானியக் களஞ்சியத்துக்கு என்ன தேவையோ அது மட்டுமே சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 50ஆம் வசனத்தில், சிறையிலிருந்து அழைப்பு வந்தவுடன் வெளியே ஓடி வராமல், தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பதவிக்கு முன் பெயர் தூய்மையாயிற்று.

பதவியைக் கேட்டுப் பெறாதீர்கள் என்று நபிமொழி இருக்கிறதே என ஒரு பெரியவர் என்னை மடக்கியதுண்டு. அந்த நபிமொழி ஆட்சிப் பொறுப்பைக் குறித்தது. யூசுப் நபியின் சொல்லை அதனோடு எவ்வாறு பொருத்துவது என்று குர்துபி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். கூலிக்கு உழைக்க முன்வருபவர் தம் உழைப்பை எடுத்துச் சொல்வதில் தடை ஏது?

இளைஞரிடம் பேனாவை மூடி வைக்கச் சொன்னேன். "பட்டறையில் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்? எழுத வேண்டாம், சொல்லுங்கள்" என்றேன்.

முதலில் தயங்கினார். பிறகு மடை திறந்தது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணைப் பற்றிச் சொன்னார். களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் எந்த அளவில் சேர வேண்டும், கூழாகக் கரைத்ததைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு எப்படி நீரை உறிஞ்சி ஓரத்தில் தோலாக நிறுத்துகிறது, மீதிக் கூழை எந்த நேரத்தில் கவிழ்க்க வேண்டும் என்பதெல்லாம் சொன்னார். உலர்த்துவதில் அவசரப்பட்டால் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விழும். பளபளப்புப் பூச்சும் உடலும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் சூளையிலிருந்து எடுத்த பின்னும் வலைவலையாகக் கீறல் காணும். சூளைக்குள் வைக்கும் கூம்பு எந்த நேரத்தில் தலை சாய்க்கிறது என்று பார்த்தே வெந்த பதம் அறிவார்கள். ஹெர்மன் சேகர் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை அது என்பதையும் அந்தப் பிள்ளையே எனக்குச் சொன்னார்.

இதில் ஒரு சொல்லும் அந்த நான்கு பக்கத்தில் இல்லை!

"உடைந்த சரக்குக்குக் கணக்கு உண்டா?" என்று கேட்டேன். உண்டாம். குவளைகளை உலர்த்தும் பலகைகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி, ஈரத்துணி போர்த்தி மெதுவாக உலரவிட்டதில், 100க்கு 12 ஆக இருந்த விரிசல் 5 ஆகக் குறைந்ததாம். யார் சொன்னது என்றேன். "நானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஹஜ்ரத்." அந்த நோட்டு வீட்டுப் பரணில் கிடந்தது. மறுநாள் கொண்டுவரச் சொன்னேன்.

அன்றிரவு எனக்கு இப்னு ஹஜர் (ரஹ்) நினைவுக்கு வந்தார்கள். ஹிஜ்ரி 852இல் மறைந்த அந்த இமாம், நபிமொழி அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பல பாகங்கள் கொண்ட 'தஹ்தீபுத் தஹ்தீப்' நூலில் தொகுத்தார்கள். பிறகு அதையே சுருக்கி 'தக்ரீபுத் தஹ்தீப்' ஆக்கினார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு வரிகள்தாம்: பெயர், தந்தை பெயர், ஊர், நம்பகத்தின் தரம், காலம். நம்பகத்துக்கு 12 படிகள் வகுத்து, ஒவ்வொருவரையும் அளந்து அதில் நிறுத்தினார்கள். அந்தக் கலையில் ஒருவரைப் புகழ்ந்தாலும் குறை சொன்னாலும் ஆதாரம் கேட்பார்கள். "மிகச் சிறந்தவர்" என்று ஒருவர் தம்மைத் தாமே எழுதிக்கொண்டால் அங்கே மதிப்பில்லை. நம் மத்ரஸாக்களில் இதைப் பாடமாக நடத்துகிறோம். நம் பிள்ளைகளோ கடின உழைப்பாளி, நேர்மையாளர், விரைவில் கற்பவர் என்று ஆதாரமில்லாத பட்டங்களைத் தமக்கே சூட்டி அனுப்புகிறார்கள்.

பரிந்துரையாளர் பெயரிலும் இதே குறைதான். ஊர்ப் பிரமுகர், கட்சிக்காரர், ஜமாஅத் தலைவர் என்று எழுதுகிறோம். மூசா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு மத்யனில் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், அவர்கள் தம் ஆடுகளுக்கு நீர் புகட்டியதைக் கண்ணால் பார்த்தவர். வலிமையும் நம்பகமும் உடையவர் என்ற அந்தச் சாட்சியம் சூரா கஸஸின் 26ஆம் வசனத்தில் பதிவாகியிருக்கிறது. வேலையைப் பார்த்த மேஸ்திரியின் பெயர், வேலையைப் பாராத பிரமுகரின் பெயரைவிடப் பயன் தரும். அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும், கேளாமல் எண்ணைக் கொடுத்து, அவர் தொலைபேசியில் "யார் அது?" என்று கேட்ட கதையும் நம் ஊரில் நடந்திருக்கிறது.

இடத்துக்கு ஏற்ப எழுதுவதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஓவியர் லியனார்டோ டா வின்சி, 1482 வாக்கில் மிலன் நகர ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு மடல் வரைந்தார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், முற்றுகைக் கருவிகள், பீரங்கி என்று போருக்கு உதவும் திறமைகளையே வரிசையாக அடுக்கினார். தமக்கு ஓவியம் வரையவும் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. போரில் ஈடுபட்ட ஆட்சியாளருக்கு எது முதலில் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குஜராத்தின் மோர்பியில் தரை ஓடு செய்யும் ஆலைக்கு அனுப்பும் அதே தாளை, ராசல் கைமாவுக்கும் பெங்களூரில் மின்கடத்தாப் பீங்கான் செய்வோருக்கும் அனுப்பலாகாது. முதலாமவருக்கு அழுத்து அச்சும் சூளையும் முக்கியம். மூன்றாமவர் சோதனைக் கூடத்தில் என்ன தெரியும் என்று கேட்பார். விளம்பரத்தில் அவர்கள் வழங்கும் சொல் எதுவோ, நமக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரியுமானால், அதே சொல்லையே எழுத வேண்டும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை இப்போது முதலில் சலிப்பது கணினி. அது தேடும் சொல் இல்லையென்றால் மனிதக் கண் படாமலே போகக்கூடும்.

இனிப் பெயர் பற்றி. இதைக் கேட்கும்போது அந்த இளைஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நண்பர் ஒருவர், முன்னெழுத்தை மட்டும் போட்டு, பாதிப் பெயரை எழுது, எந்த மதம் என்று தெரியாமல் இருக்கட்டும் என்கிறார். செய்யலாமா?"

அந்த நண்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2007ஆம் ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதிகள் நிகரானவை; பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு; தலித் பெயருக்கு மூன்றில் இரு பங்கு. 2022இல் லெட்பை என்னும் அமைப்பு, ஒரே தகுதியுடைய இரு பெண்களின் பெயரில் 1,000 வேலைகளுக்கு விண்ணப்பித்துப் பார்த்தது. இந்துப் பெயருக்கு 208 இடங்களிலிருந்து சாதகமான பதில் வந்தது. முஸ்லிம் பெயருக்கு 103. ஆகவே நாற்பது விண்ணப்பத்துக்கும் பதில் வராததற்கு அந்த நான்கு பக்கம் மட்டுமே காரணம் என்று அவர் தலையில் பழியைக் கட்ட நான் தயாரில்லை.

ஆனாலும் பெயரை மறைக்க வேண்டாம் என்றேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முழுப் பெயர் இருக்கிறது. நேர்முகத் தேர்வு மேசையில் அதை விரித்தே ஆக வேண்டும். மறைத்தது அங்கே பொய்யாகத் தோன்றும். மேலும், பாங்கொலிக்கு எழுந்து போக இடம் கேட்கக் கூச வேண்டிய ஓரிடத்தில் அவர் எத்தனை நாள் நிம்மதியாக இருப்பார்? மதம் என்ற தனி வரியை அடித்துவிட்டேன். தனியார் வேலைக்கு அது தேவையில்லை. அரசுப் பணி விண்ணப்பம் வேறு. அங்கே 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழும் அதற்குரிய கட்டமும் பிழையின்றி இருக்க வேண்டும்.

பெயரில் நாமே செய்துகொள்ளும் கேடு ஒன்று உண்டு. 'முகமது' என்பது அவருடைய பள்ளிச் சான்றிதழில் ஒற்றை 'எம்' கொண்ட ஆங்கில எழுத்தில், ஆதாரில் இரட்டை 'எம்', பட்டயத்தில் சுருக்கம். கடவுச்சீட்டிலோ முன்னெழுத்தை விரிக்காமல் ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம் தமிழ் மக்கள் எவ்வளவு தவித்தார்கள்! பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் பதியும் நாளிலேயே தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்து, முன்னெழுத்துக்கு ஒரே விரிவு. வேலை விண்ணப்பத்திலும் அதே எழுத்து.

இடைவெளியை மறைப்பதும் வேண்டாம். திருமணத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள் வீட்டிலிருந்த சகோதரி, அந்த ஆண்டுகளை அப்படியே எழுதலாம். அக்காலத்தில் தெருப் பிள்ளைகள் முப்பது பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வருகைப் பதிவேடும் கட்டணக் கணக்கும் வைத்திருந்தால், அதுவும் வேலைதான். ஏழாண்டு ஓதிய ஆலிம், 'மௌலவி' என்று மட்டும் போட்டால் வெளியார்க்கு விளங்காது; எத்தனை ஆண்டுப் படிப்பு, என்னென்ன பாடம், அரபியில் எழுதவும் மொழிபெயர்க்கவும் இயலுமா என்று எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேறியிருந்தால் அதைத் தனியே குறிக்கலாம்.

மறுநாள் இருவருமாக அமர்ந்து எழுதினோம். மேலே பெயர், ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல். (அவருடைய மின்னஞ்சல் முகவரி ஒரு நடிகரின் பட்டப்பெயரில் இருந்தது, புதிதாக ஒன்று தொடங்கச் சொன்னேன்.) ஆதார் எண்ணும் கடவுச்சீட்டு எண்ணும் எழுதவில்லை, கண்டவர் கைக்குப் போகும் தாளில் அவை எதற்கு? அடுத்து, பட்டறையில் செய்த வேலை ஐந்து வரி. அதில் ஒரு வரி விரிசல் கணக்கு. பிறகு பட்டயப் படிப்பு, மதிப்பெண். தெரிந்த மொழிகளில் அரபி வாசிக்க மட்டும் என்று அவரே திருத்தினார், எனக்கு மகிழ்ச்சி. மேஸ்திரியின் பெயரை, கேட்டுக்கொண்ட பின் சேர்த்தோம். ஒன்றரை ஆண்டை இரண்டு என்று எழுதலாமா என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே "வேண்டாம்" என்றார். ஒரு பக்கம் முழுதாக நிறையவில்லை. கீழே மூன்று விரற்கடை வெள்ளையாகவே விட்டோம்.

ஆறு இடங்களுக்கு, இடத்துக்கு ஒரு விதமாக வரிசையை மாற்றி அனுப்பினார். நான்கிலிருந்து இதுவரை பதில் இல்லை. ஓரிடத்தில் ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஆறாவது இடத்திலிருந்து சென்ற வாரம் அழைப்பு வந்தது; சான்றிதழ்களோடு அந்த விரிசல் கணக்கு நோட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை கிழிந்திருக்கிறது, புது நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். களிமண் கறையோடு அதையே கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.