வாசகரை எண்ணும் உத்தியோகம்

செய்தி அறைக்குள் புதிதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் செய்தி எழுதுவதில்லை, திருத்துவதுமில்லை. யார் படிக்கிறார்கள், எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள், அவர்களை எப்படித் திரும்பக் கூட்டிவருவது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ‘வாசகர் ஈடுபாடு’ன்னு நல்ல பேர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர் எதை மறைக்கிறது என்பதை நியூயார்க் டைம்ஸை முன்வைத்துப் பார்க்கலாம்.

2014 மே மாதம் அப்பத்திரிகையின் உள்சுற்று அறிக்கையொன்று வெளியே கசிந்தது. இணையத்தில் முகப்புப் பக்கத்துக்கு வருவோர் இரண்டே வருஷத்தில் பாதியாகிப்போனார்கள் என்றது அது. எழுதி வைத்தால் வாசகர் தானே தேடிவருவார் என்ற பழைய நம்பிக்கை உடைந்த இடம் இது. வாசகரைத் தேடிப்போவது இனி ஆசிரியர் குழுவின் வேலையும்கூட என்று அறிக்கை சொன்னது. அந்த வருஷமே வாசகர் பெருக்கத்துக்கென்று மூத்த ஆசிரியர் ஒருவரை நியமித்தார்கள். இதை ஏளனம் செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. முந்நூறு பிரதி அச்சடித்துப் பாதியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மக்களுக்காக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்தானே நாம்.

சிக்கல் வேறிடத்தில். அதே பத்திரிகையில் 2003 முதல் இன்னொரு நாற்காலியும் இருந்தது. ஜேசன் பிளேர் என்ற நிருபர் போகாத ஊருக்குப் போனதாகக் கதைகட்டி எழுதியது அந்த வருஷம் அம்பலமானதும் உருவாக்கிய பதவி அது: பொது ஆசிரியர். வாசகரின் புகாரை எடுத்துக்கொண்டு ஆசிரியர் குழுவையே குறுக்குவிசாரணை செய்து, முடிவை அதே பத்திரிகையில் எழுதுவார். (சென்னையில் ‘தி இந்து’ 2006இல் வாசகர் ஆசிரியரை நியமித்ததும் இந்த வகையில்தான்.) 2017இல் நியூயார்க் டைம்ஸ் அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டது. சமூக ஊடகங்களில் வாசகர்களே கண்காணிக்கிறார்களே, தனியாக ஒருவர் எதற்கு என்றார் பதிப்பாளர். பதிலுக்கு வாசகர் மையம் என்றொரு பிரிவு வந்தது. அதிலிருப்போர் செய்தி அறையின் ஆட்கள்.

ஆக, வாசகருக்குப் பதில் சொல்லும் வேலை போனது. வாசகரைத் தக்கவைக்கும் வேலை நின்றது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் வாசகர் கேள்வி கேட்கிற தனி ஆள். அவர் ஒருவர் போதும், நிறுவனம் வாய்திறக்க வேண்டும். பின்னதில் அவர் திரையில் ஏறி இறங்கும் ஓர் எண். அந்த எண்ணையாவது நம்பலாமா என்றால், தன் தளத்தில் காணொளி பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு வருஷமாகக் கூட்டிக் காட்டிவிட்டதாக ஃபேஸ்புக்கே 2016இல் ஒப்புக்கொண்டது.

பிளேர் விவகாரத்திலேயே ஒரு சம்பவம். ஈராக் போரில் காணாமல்போன பெண் சிப்பாய் ஒருவரின் தகப்பனார், மேற்கு வர்ஜீனியாவிலுள்ள தன் வீட்டுத் திண்ணையில், புகையிலை வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் பார்த்தபடி தொண்டை அடைத்துப்போனார் என்று எழுதியிருந்தார் பிளேர். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் வயலும் தெரியாது, மாடும் தெரியாது. வீட்டார் படித்துவிட்டுத் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். பத்திரிகைக்கு ஒருவரும் புகார் சொல்லவில்லை. இன்றைய திரையில் அது கடைசிவரி வரை படிக்கப்பட்ட செய்தி என்று பதிவாகியிருக்கும்.