பிஸ்கட்டும் பிரேக் குழாயும்

லாங் ஐலண்டிலிருந்து கடிதம் எழுதினால், நண்பர்கள் பலர் நான் நியூயார்க்கில் குடியேறிவிட்டதாக நினைத்துக் கொள்கிறார்கள். இது அந்த லாங் ஐலண்ட் அன்று. நடு அந்தமானில், ரங்கத் பக்கத்து யெரட்டா படகுத்துறையிலிருந்து படகேறி வர வேண்டிய சிறு தீவு. பொன்மலைப் பணிமனையில் காலம் கழித்த ரயில்வேக்காரனாகிய நான், தண்டவாளமே இல்லாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது மகனுடைய வேலையை முன்னிட்டு.

என் மருமகள் தேங்காய் போட்டு நெய் பிஸ்கட் செய்வாள். முதலில் வீட்டுக்கு, பிறகு அக்கம்பக்கத்துக்கு, பிறகு ரங்கத்தில் ஒரு கடைக்கு என்று வளர்ந்தது. பேத்தி போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். (2024-இல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) விடுதிச் செலவுக்குப் பிஸ்கட் வருமானம் கைகொடுத்து வந்தது.

சென்ற மழைக்காலத்தில் 60 பாக்கெட் அனுப்பினாள். பத்தே நாளில் 38 திரும்பி வந்துவிட்டன. நமுத்துப் போயிற்றாம். நெய், சர்க்கரை, படகுக் கூலி எல்லாம் நஷ்டம்.

“இனிமே இந்த வேலையே வேண்டாம் மாமா. இந்த ஊர்க் காத்துல பிஸ்கட் விக்கிறதெல்லாம் நமக்கு ஆகாது” என்று பாக்கெட்டுகளைக் கோழிக்குப் போடப் பிரித்தாள். “கொஞ்சம் பொறும்மா, நான் ஒரு தடவை பாக்குறேன்” என்று வாங்கி வைத்துக் கொண்டேன்.

ஊர்க் காற்றைப் பற்றி அவள் சொன்னதில் தவறில்லை. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றின் ஈரப்பதம் 80 சதத்தை ஒட்டியே நிற்கும். பிஸ்கட்டிலோ நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம்கூட இருக்காது. திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்காமல் என்ன செய்யும்? தூத்துக்குடி மக்ரூனைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் முந்திரியையும் அடித்துச் சுட்ட பண்டம். பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் சிறிது நேரத்தில் கையில் ஒட்டும். அவர்களும் கடற்கரைக்காரர்கள்தானே! உறையை நம்பித்தான் ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

ஆகவே, குற்றவாளி காற்றா, உறையா என்று பார்க்க வேண்டியிருந்தது. ரயில் பெட்டிகளில் காற்று பிரேக் குழாய் எங்கே கசிகிறது என்று அறிய, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவோம். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். பிஸ்கட் பாக்கெட்டுக்கு அதுவும் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி மெல்ல அழுத்தினேன். ஒட்டிய வாயின் ஓரத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழிகள்!

பாக்கெட்டில் அவள் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது நல்லதாயிற்று. முதல் நாள் பகலில் ஒட்டியவை 24. மறுநாள் இரவு, விடிந்தால் படகு என்ற அவசரத்தில் ஒட்டியவை 36. திரும்பி வந்த 38-இல் இரண்டைத் தவிர எல்லாமே இரவுச் சரக்கு. அதே கை, அதே மிஷின், அதே உறை. பிறகு ஏன்?

அந்த ஒட்டும் மிஷினில் நிக்ரோம் பட்டை ஒன்றும் அதன்மேல் டெஃப்லான் துணியும் உண்டு. கைப்பிடியை அழுத்தினால் சில நொடி மின்சாரம் பாய்ந்து பட்டை சூடாகி, பிளாஸ்டிக்கின் இரு ஓரங்களும் உருகிச் சேரும். எவ்வளவு நேரம் என்பதற்குத்தான் திருகு. எவ்வளவு சூடு என்பது வீட்டு வோல்டேஜைப் பொறுத்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பகலில் 228. இரவு எட்டு மணிக்கு 190. எங்கள் வீடு கம்பி வரிசையின் கடைசி. வெப்பம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது டிப்ளமாவில் படித்த பாடம். 230-க்கு 190 என்றால் சூடு 83 சதம் அல்ல, 68 சதம்தான். கண்ணுக்கு ஒட்டியது போலிருக்கும், உருகிச் சேர்ந்திருக்காது.

உறையும் மாறியிருந்தது. முன்பு மெத்தென்ற பாலிதீன் உறை. அது 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். இப்போது வாங்கியது கண்ணாடி போல் பளிச்சென்று சரசரக்கும் பாலிப்ரொப்பிலீன். ஈரக்காற்றைத் தடுப்பதில் இதுதான் மேல். ஆனால் உருக 160 டிகிரிக்குமேல் வேண்டும். பழைய திருகு எண்ணிலேயே ஒட்டினால் எப்படி? திருச்சியில் என் துணைவியார் ஹாக்ஸா பிளேடை உறையின் வாயில் வைத்து மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டியே முறுக்குப் பொட்டலம் கட்டியவர். மெல்லிய பாலிதீனுக்கு அது போதும். இந்த உறையில் செய்தால் சுருங்கிக் கோணும்.

ஒன்று விளங்கவில்லை. குமிழியே வராத ஐந்தாறு இரவுப் பாக்கெட்டுகளிலும் பிஸ்கட் நமுத்துத்தான் இருந்தது. அதற்குக் காரணம் மிஷின் அல்ல, அவசரம். சூடு ஆறுமுன் அடைத்திருக்கிறாள். பிஸ்கட்டின் ஆவி உறையின் உள்பக்கத்தில் வியர்த்து, மறுபடி பிஸ்கட்டிலேயே இறங்கிவிட்டது. வாய் நன்றாக ஒட்டியதுதான் அங்கே வினை! “அப்போ ராத்திரி முழுக்க ஆற வைக்கணுமா மாமா?” என்றாள். அதுவும் கூடாது, இந்த ஊரில் அதற்குள் ஈரம் ஏறிவிடும். கையில் தொட்டால் சூடு தெரியாத அளவு வந்ததும், சுமார் ஒரு மணி நேரத்தில், அடைத்துவிட வேண்டும். தவறி நமுத்தால், இளஞ்சூட்டில் சில நிமிடம் மறுபடி வைத்து எடுக்கலாம்.

கண்ணாடி போன்ற உறை என்றாலே பத்திரம் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஸ்விட்சர்லாந்துக்காரர் பிராண்டன்பெர்கர் கண்டுபிடித்த செலோஃபேன் தாள் தண்ணீரைத் தடுத்தது. ஈர ஆவியை விட்டுவிட்டது. 1927-இல் அமெரிக்காவில் ஹேல் சார்ச் என்பவர் அதன்மேல் மெல்லிய பூச்சுக் கொடுத்த பிறகே அது பலகாரத்துக்கு ஏற்றதாயிற்று. பாலிதீன் பிறந்ததோ 1933-இல், இங்கிலாந்தில், அதுவும் தற்செயலாக.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். 50 மைக்ரான், அதாவது கடையில் 200 கேஜ் என்று கேட்டால் கிடைக்கும் உறை. (பிளாஸ்டிக் விஷயத்தில் தீவுகளில் கட்டுப்பாடுகள் உண்டு, விசாரித்து வாங்கவும்.) பிஸ்கட்டைப் போடும்போது உறையின் வாயில் தாள் ஒன்றைச் சுருட்டி வைக்கிறோம். ஓரத்தில் நெய்யோ துகளோ பட்டால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது. விளக்கு அணைந்த பிறகும் கைப்பிடியை மூன்று நொடி அழுத்தியே வைத்திருக்க வேண்டும். உருகியது அழுத்தத்திலேயே ஆற வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு விரல் தள்ளி இரண்டாவது கோடும் போடுகிறோம். பத்துக்கு ஒன்றை வாளியில் அமுக்கிப் பார்ப்பது என் பொறுப்பு.

உள்ளூர்க்காரர்களுக்கு உறையே கிடையாது. அவர்கள் கொண்டு வரும் டப்பாவில்தான். கடல் தாண்டிப் போவதற்கு மட்டும் உறை. உறைகளைத் தகர டப்பாவில் அடுக்கி அனுப்புகிறோம். வெளிச்சம் பட்டால் நெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். டப்பா அடுத்த படகில் காலியாகத் திரும்பி வரும்.

ரங்கத் கடைக்காரர் முதலில் மறுத்துவிட்டார். காசு வேண்டாம், விற்றால் தாருங்கள் என்று 12 பாக்கெட் கொடுத்தோம். மூன்றாவது வாரம் ஒன்றைப் பிரித்து, ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உடைத்தார். ‘படக்’ என்ற சத்தம் இங்கே கேட்டது. இப்போது 40 கேட்டிருக்கிறார். மருமகள் மதியம் இரண்டு மணிக்கே மிஷினை எடுத்து வைத்துவிட்டு, “மாமா, மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க” என்கிறாள்.