நாய்த் தெள்ளு மீண்டும் வருவது ஏன்?

நாயைக் குளிப்பாட்டி இரண்டு வாரத்தில் மறுபடியும் தெள்ளா? ஹற்றன், நுவரெலியா லயன்களில் இது வழக்கமான முறைப்பாடு.

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்பன தெள்ளின் நான்கு பருவங்களாகும். இரத்தம் உறிஞ்சும் நிறைவுடலி மட்டுமே நாயின் மேல் வாழும். அது மொத்தத்தில் சுமார் 5 வீதமே. முட்டைகள் உதிர்ந்து, இஸ்தோப்பில் நாய் படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்புகளிலும் விழும். கூட்டுப்புழு கூட்டினுள் பல மாதம் காத்திருந்து, அதிர்வும் உடற்சூடும் பட்டதும் நிறைவுடலியாக வெளிவரும். குளிரில் இக்காத்திருப்பு இன்னும் நீளும்.

ஆகவே, சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெடிப்புகளைக் கூட்டி, தூசியைச் சவர்க்கார நீரில் கொட்டுங்கள். அடுத்த காம்பராவிலும் அன்றே செய்தாற்றான் பயன். நாய்க்குச் சுவர் தெரியாதல்லவா?

மரக்கறித் தோட்டத்து நாசினியை நாயில் ஒருபோதும் பூசாதீர்கள், நக்கினால் நஞ்சு. நாய்க்கான பெர்மெத்திரின் மருந்து பூனையைக் கொல்லக்கூடும். மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டே வாங்குங்கள்.