தன் குரலே அந்நியமாகும்போது

“யாரோ என்னைத் திட்டுகிறார்கள்” என்கிறார் அவர். “இங்கே யாருமே இல்லையே!” என்கிறார்கள் வீட்டார். மனச்சிதைவு நோய் புகுந்த வீடுகளில் அன்றாடம் நடக்கும் வழக்கு இது. அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு மூளை அலைகளே சாட்சி.

நாம் பேசும்போது, ‘இது உன் குரல்தான்’ என்று மூளையின் பேச்சுப் பகுதி கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகிறது. அதனால் குரல் எழுந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வரும் அலை அடங்கியே வருகிறது. அதே குரலைப் பதிவுசெய்து கேட்கவைத்தால் அலை உயர்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த வித்தியாசம் குறைவு. மனதுக்குள் ஓடும் சொந்தப் பேச்சே அடுத்தவர் குரலாகக் கேட்பது இதனால்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இன்னொரு சோதனை. காதில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அரை விநாடி கழித்து மறுபடி ‘டக்’. நம் மூளை இரண்டாவதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இவர்களுக்கோ இரண்டாவதும் ஏறக்குறைய முதலாவது போலவே உறைக்கிறது. ஃபேன் சத்தம், தெருப்பேச்சு, குக்கர் விசில் எல்லாம் வடிகட்டாமல் உள்ளே வந்தால் ஒரு மனிதர் என்ன ஆவார்?

என் கவலை வேறு. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து மூளை அலைகளின் வண்ணப் படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வட்டம் வட்டமாகத் தலைகள், சிவப்பும் நீலமுமாக. “சிவப்பு குறைஞ்சா வியாதி குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க தம்பி” என்றார். 22 வயது மகனுக்கு மூன்று முறை படம் எடுத்தாகிவிட்டது. மாத்திரை நின்று நான்கு மாதம்.

அலைகளில் தெரியும் வித்தியாசம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. நோயுள்ள சிலரின் அலை சாதாரணமாக இருக்கும். நோயே இல்லாத சிலருடையது மாறியிருக்கும். வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் இ.இ.ஜி. என்னும் மூளை அலைப் பதிவை எழுதிக்கொடுத்தால் தாராளமாக எடுங்கள். பிற்காலத்தில் நோயை முன்கூட்டியே அறிய அலைகள் உதவும் என்போரும் உண்டு. ஆனால் இன்றைக்கு எந்த அலைப்படமும் தனியாக மனச்சிதைவை உறுதிசெய்யாது. மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசி, வீட்டாரிடம் கேட்டுத்தான் கண்டறிகிறார்.

சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. படத்துக்கு வைத்திருக்கும் பணத்தை மாத்திரைக்கும் மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் வையுங்கள்.