சானியா மிர்ஸா: காயத்துக்குப் பிறகு கிடைத்த ஆறு கோப்பைகள்

மூலக்கொத்தளம், ராயபுரம், வண்ணாரப்பேட்டை என நம் வடசென்னைப் பகுதிகளில் கேரம், கால்பந்து, குத்துச்சண்டைக்கு இருக்கும் மவுசு டென்னிசுக்கு இல்லை. ஆனாலும் சானியா மிர்ஸாவின் பெயர் நமக்கெல்லாம் தெரியும். அவருடைய விளையாட்டு வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதுதான் பலருக்கும் தெரியாது. மகளை விளையாட அனுப்பும் பெற்றோர் அதை அறிந்துகொள்வது நல்லது.

1986-ல் மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர் சானியா. ஆறு வயதில் மட்டையைப் பிடித்தார். தந்தை இம்ரான் மிர்ஸாவே பயிற்சியாளராகவும் இருந்தார். 2003-ல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றார். 2005-ல் ஹைதராபாத் ஓபனை வென்று, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்று வரை சென்றார். அந்த நாட்களில் அவருடைய ஆட்டத்துக்கு நிகராக அவருடைய உடையும் விவாதப் பொருளானது. பதின்ம வயதுப் பெண் அத்தனை பேச்சுக்கும் நடுவேதான் விளையாடினார். 2007-ல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடத்தைப் பிடித்தார். இந்தியப் பெண்களில் வேறு யாரும் அந்த உயரத்தை எட்டவில்லை.

2008-ல் வலது மணிக்கட்டுக் காயம் அவரை அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோனது. அவருடைய பலமே வலக்கை ஃபோர்ஹேண்ட் அடிதான். முழங்காலும் தொல்லை கொடுத்தது. ஒற்றையர் ஆட்டத்தில் மைதானம் முழுவதையும் ஒருவரே ஓடிச் சமாளிக்க வேண்டும். இரட்டையரில் அந்தச் சுமையை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். தன் உடல் எதைத் தாங்கும் என்று கணக்கிட்டு, 2013 முதல் சானியா இரட்டையர் ஆட்டங்களில் மட்டும் கவனம் செலுத்தினார்.

அந்த முடிவு பலன் தந்தது. சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் வலைக்கு அருகே நின்று சாமர்த்தியமாக ஆட, பின்னாலிருந்து சானியா வேகமாக அடித்தார். 2015 ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியின் கடைசி செட்டில் இந்த இணை 2-5 எனப் பின்தங்கி இருந்தது. அங்கிருந்து மீண்டு 7-5 என வென்றது. தொடர்ந்து அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்களும் வந்தன. இவற்றோடு 2009, 2012, 2014-ல் வென்ற மூன்று கலப்பு இரட்டையர் பட்டங்களையும் சேர்த்தால் ஆறு கிராண்ட்ஸ்லாம் கோப்பைகள். ஆறும் அந்த மணிக்கட்டுக் காயத்துக்குப் பிறகு கிடைத்தவை!

2018-ல் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் ஹோபார்ட் போட்டியில் களமிறங்கிப் பட்டம் வென்றார். 2023-ல் ஓய்வு பெற்றபோது அவரிடம் 43 டபிள்யூ.டி.ஏ. இரட்டையர் பட்டங்கள் இருந்தன. ஹைதராபாத்தில் அவர் தொடங்கிய அகாடமியில் இளம் பிள்ளைகள் பயிற்சி பெறுகிறார்கள்.

டென்னிஸ் செலவு மிகுந்த விளையாட்டு. நம் பகுதியில் எல்லோராலும் அது முடியாது. ஆனால் 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, நமக்குப் பக்கத்தில் உள்ள புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். திறமை இங்கேயும் இருக்கிறது.

இருந்தும், "வயசுக்கு வந்தாச்சு, போதும்", "அடிபட்டாச்சு, போதும்", "கல்யாணம் பேசணும், போதும்" என்று எத்தனை பிள்ளைகளின் ஆட்டத்தை நாம் பாதியில் நிறுத்தியிருக்கிறோம்? காயம்பட்ட பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டுவோம். பயிற்சியாளரிடம் பேசுவோம். இந்த விளையாட்டு முடியாவிட்டால் வேறு எது முடியும் என்று அவளிடமே கேட்போம். சானியாவுக்கு அப்படியொரு வழி கிடைத்தது. நம் மகள்களுக்கும் கிடைக்கட்டும்.